பரீதாவின் சிங்கித் தொட்டியும் சோலர் பெட்டியின் நம்பரும்

மூதூர் இறங்குதுறையில் நின்று, அபூதாஹிரின் பட்டறை எங்கே என்று யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். வழி சொல்லமாட்டார்கள், கூடவே வந்து வாசலில் விட்டுவிட்டுப் போவார்கள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இங்கிலீசு வாசிக்கத் தெரியாது. ஆனால் கொட்டியாரக் குடாவில் என் கை படாத போட் இஞ்சின் ஒன்று ஓடுகிறது என்றால், அது இன்னும் பழுதாகவில்லை என்றுதான் அர்த்தம். பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகவும்தான்.

இப்போது எழுத உட்கார்ந்தது என் கதையை அல்ல. என் தங்கச்சி பரீதாவின் கதையை. இடையிடையே நானும் வருவேன். என்னை விட்டுவிட்டு அவளுடைய கதையை எழுத ஏலாது.

பரீதா ஆள் கட்டை, குரல் நெட்டை. அவள் சிரித்தால் கரையில் காயும் கருவாட்டின் மேல் இருக்கிற காகமெல்லாம் ஒரே நேரத்தில் எழும்பிப் பறக்கும். எங்கள் வாப்பா இறால் வியாபாரி. நான் இஞ்சின் பக்கம் போய்விட்டேன். தராசுக்குப் பக்கத்தில் வாப்பாவோடு நின்று வளர்ந்தவள் அவள்தான். பிறகு முஹம்மது தம்பிக்கு அவளைக் கட்டிக் கொடுத்தோம். மச்சான் நல்ல மனுஷன். கோபம் வராது, அவசரமும் வராது. அவருக்கு முதுகு வலி வந்து லொறி ஓட்ட முடியாமல் போனபோது பரீதா குவைத்துக்குப் போனாள். திரும்பி வந்தாள். மறுபடியும் போனாள்.

அங்கே வீட்டு வேலை. ஆனால் எங்கே போனாலும் அவள் கண் மீனில்தான். குவைத்து மீன் சந்தையில் சிங்கி இறாலைக் கண்ணாடித் தொட்டியில் உயிரோடு விட்டிருப்பதையும், உயிரோடு இருப்பதற்குத்தான் மவுசு என்பதையும் பார்த்து வைத்துக்கொண்டாள். "எங்கட கரையில கெடக்கிற சாமான் காக்கா. நாங்க ஐஸ் போட்டுச் சாகடிச்சு விக்கிறம்" என்று அங்கிருந்தே போனில் சொன்னாள். காக்கா என்றால் அண்ணன், நான்தான்.

இரண்டாம் முறை திரும்பி வந்தபோது விமான நிலையத்தில் வைத்தே சத்தியம் பண்ணினாள். இனிப் போகமாட்டேன் என்று. அவளுடைய மகள் சனூஸா அப்போது பெரிய வகுப்புக்கு வந்திருந்தாள். உம்மா இல்லாத வீட்டில் பெரியவளான பிள்ளை. வான் மூதூர் வந்து சேரும்வரை அவள் உம்மாவின் முந்தானையை விடவில்லை. இதற்கு மேல் இதை எழுத எனக்கு வராது.

மூதூருக்குக் கிழக்கே, இலங்கைத்துறைக்குப் போகிற கரையோரமாக, மின்கம்பங்கள் வந்து களைத்து நின்றுவிட்ட இடத்துக்கும் அப்பால் ஒரு மீன் வாடி போட்டாள். ஓலைக் கொட்டில் ஒன்று, அதற்கு எதிரே நல்ல தூரத்தில், பூவரச மர நிழலில், சீமெந்துத் தொட்டி ஒன்று. இலங்கைத்துறைத் தங்கத்துரை சிங்கி கொண்டுவந்து கொடுப்பான். சிங்கி பிடிக்கத் தடையுள்ள மாதங்களில் எடுக்கமாட்டாள். சினைச் சிங்கி வந்தால் தங்கத்துரையின் கையாலேயே கடலில் விடவைப்பாள். நிலாவெளியில் ஒரு ஹோட்டலின் பெரிய சமையல்காரர் இராசையா, உயிரோடு வந்தால் அத்தனையும் எடுக்கிறேன் என்றார்.

சிங்கி தொட்டித் தண்ணீரில் உயிரோடு இருக்க வேண்டுமென்றால் அந்தத் தண்ணீருக்குள் காற்று ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு ஒரு சின்னக் காற்று மோட்டார். மோட்டாருக்கு ஒரு பெற்றரி. பெற்றரிக்கு ஒரு சோலர் தகடு. தகட்டுக்கும் பெற்றரிக்கும் நடுவில், மின்சாரத்தை அளந்து விடுகிற ஒரு சின்னப் பெட்டி. அந்தப் பெட்டியின் முகத்தில் ஒரு நம்பர் மின்னும். வோல்ற்று.

இதையெல்லாம் பூட்டியபோது நான் ஊரில் இல்லை. என் சொந்த உழைப்பில் மக்காவுக்கு உம்றா போயிருந்தேன். அபூதாஹிர் இல்லாத நேரத்தில் பூட்டிய சாமான் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

முதலாவது சிங்கிக் கூட்டம் விடியற்காலையில் செத்துக் கிடந்தது. இரண்டாவதும் அப்படித்தான். பாதி சாகும், மீதி சாகத் தொடங்கியிருக்கும். சுபஹு தொழுதுவிட்டுப் பரீதா போய்ப் பார்க்கும்போது மோட்டார் முனகிக்கொண்டிருக்கும், அல்லது நின்றிருக்கும். வெயில் ஏறியதும் தானாக ஓடத் தொடங்கும். தங்கத்துரை சொன்னான், ஆற்றுத் தண்ணீர் கலந்த கடல்தண்ணீர், அதுதான் காரணம் என்று. முஹம்மது தம்பி கண்ணூறு என்றார். பள்ளிவாசலில் ஓதிய தண்ணீர் வாங்கி வந்து தொட்டியைச் சுற்றித் தெளித்தார். பெற்றரியை மட்டும் யாரும் சந்தேகப்படவில்லை. ஏன் என்றால் நம்பர் நன்றாக இருந்தது.

இராசையா நிலாவெளியிலிருந்து போன் எடுத்தார். "அக்கா, செத்ததை வாங்கினா என்ர வேலை போகும். வாற சனிக்கிழமை கலியாண விருந்து. அதுக்கும் இப்படி வந்தால் நான் வேற ஆளைப் பார்ப்பன். கோவிக்காதையுங்கோ."

அதே கிழமை திருகோணமலை நகரத்திலிருந்து, குவைத்துக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரரும் போன் எடுத்தார். பழைய குவைத்து வீட்டுக்காரி பரீதாவையே கேட்கிறாளாம். பரீதா என்ன செய்வதென்று தெரியாத அந்தரத்தில் பாஸ்போட்டைக் கொண்டுபோய் அவரிடம் கொடுத்துவிட்டாள். கொடுத்ததை மகளுக்குச் சொல்லவில்லை. எனக்கு மட்டும் சொன்னாள்.

"சனிக்கிழமை இந்தச் சிங்கி உயிரோட போய்ச் சேராட்டி, நான் போறன் காக்கா. வேற வழியில்ல."

"நான் இரிக்கக்குள்ள வழியில்ல எண்டு சொல்லாத" என்றேன்.

வோல்ற்று அளக்கிற மீற்றரை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வாடிக்குப் போனேன். நல்ல மத்தியான வெயில். கொட்டிலுக்குள் எல்லாரும் கூடியிருந்தார்கள். அந்த வாடியின் வழக்கம் அது. வலை வேலை, மீன் வேலை எல்லாம் மத்தியானத்தோடு முடியும். பிறகு கொட்டிலில் தேத்தண்ணி. பெட்டியைக் கொட்டிலுக்குள்தான் அடித்திருந்தார் மச்சான், எல்லாரும் நம்பரைப் பார்த்துக்கொண்டே குடிப்பதற்காக. கிரிக்கெட் ஸ்கோர் பார்ப்பது போல. பக்கத்து வாடிக்காரர்களும் வந்து பார்த்துவிட்டுப் போவார்களாம்.

"பார்த்தியளா மச்சான்? பதினாலு தசம் ரெண்டு" என்று முஹம்மது தம்பி, பெட்டியில் மின்னிய 14.2-ஐ, தான் பெற்ற பிள்ளையைக் காட்டுவது போலக் காட்டினார். "ஒரு நாளும் இதுக்குக் கொறைஞ்சதில்ல. மாப்பிள்ள மாதிரி நிறைஞ்சு நிக்கிது பெற்றரி."

"பன்னிரண்டு வோல்ற்றுப் பெற்றரில பதினாலு வோல்ற்று நிக்கிதெண்டால் அது மாப்பிள்ளை இல்லை அண்ணை, மாப்பிள்ளையும் தோழனும்" என்றான் தங்கத்துரை.

நான் முதலில் காற்று மோட்டாரைக் கழற்றினேன். சுத்தமாக இருந்தது. பூட்டி ஓடவிட்டேன். என் பட்டறை இஞ்சின் போல ஓடியது. அப்போது ஒரு முகில் வந்து சூரியனை மூடியது. பெட்டியின் நம்பர் சரசரவென்று இறங்கியது. பன்னிரண்டு தசம் எட்டு. முகில் விலகியது. திரும்பவும் பதினான்கு தசம் இரண்டு.

பரீதா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"இது என்ன இது?"

"முகில் வந்தாக் கொறையும், போனாக் கூடும். எப்பயும் அப்பிடித்தான்" என்றார் மச்சான்.

"அப்ப அந்த ஒண்டரை வோல்ற்றும் எங்க போச்சு? முகில் குடிச்சிட்டுப் போச்சா?"

"அது... வெயில் இல்லாட்டிக் கொறையும்தானே புள்ள."

"அப்ப நீங்க இவ்வளவு நாளும் பார்த்தது பெற்றரிட நம்பர் இல்ல. வெயில்ட நம்பர்."

பரீதா அந்த நம்பரை இன்னொரு முறை பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"காக்கா, வாப்பாக்கிட்ட இறால் கொண்டுவந்து குடுத்தா, வாப்பா முதல்ல என்ன செய்வாரு?"

"கூடையத் தூக்கிக் கொழுக்கியில தொங்கவிடுவாரு."

"ஏன்?"

"தண்ணி வடியட்டும் எண்டு. வடியாம நிறுத்தா இறாலுக்கும் காசு, தண்ணிக்கும் காசு."

"இந்தப் பெற்றரியும் ஈரத்தோட நிக்கிது. வெயில் ஊத்திக்கொண்டிருக்கக்குள்ள நிறுத்தா வெயிலையும் சேத்துத்தான் நிறுக்கும். இதையும் தொங்கவிட்டு வடிய வைக்க வேணும்."

தராசுக்குப் பக்கத்தில் வளர்ந்தவளின் பேச்சு அது. என் தங்கச்சி இல்லையா? எங்கள் வீட்டு மூளை அப்படித்தான் வேலை செய்யும்.

அன்று தொட்டியில் சிங்கி இல்லை. காலையில்தான் கடைசிக் கூட்டம் செத்திருந்தது. ஆகவே பின்னேரம் தகட்டின் வயரையும் மோட்டாரின் வயரையும் பெற்றரியிலிருந்து கழற்றிவிட்டோம். பெற்றரிக்கு உள்ளே வருவதும் இல்லை, வெளியே போவதும் இல்லை. சும்மா இருக்கவிட்டு, மஃரிப் தொழுதுவிட்டு வந்து, பெற்றரியின் இரண்டு முனைகளிலும் மீற்றரை வைத்தேன்.

பன்னிரண்டு தசம் ஒன்று.

"கூடவா, கொறையவா?" என்றாள் பரீதா.

"நிறைஞ்ச பெற்றரி ஓய்வில இரிக்கக்குள்ள பன்னெண்டு தசம் ஏழு காட்டும். ரெண்டு காட்டினாப் பாதி. ஒண்டு எண்டாப் பாதியிலும் கொறைவு." இந்தக் கணக்கை எனக்குப் புத்தகம் சொல்லித்தரவில்லை. லொறிப் பெற்றரிகளோடு வாழ்ந்த வாழ்க்கை சொல்லித்தந்தது. "பாதி வயித்தோட வேலைக்குப் போற ஆள் இது. விடியக்குள்ள பதினொண்டுக்கும் கீழ போயிரும். மோட்டார் மூச்சு வாங்கும், நிண்டு போகும்."

"கண்ணூறு இல்லையா அப்ப?" என்றார் மச்சான்.

"கண்தான். மத்தியானத்தில மட்டும் பார்க்கிற உங்கட கண்" என்றாள் பரீதா. சிரித்தாள். பூவரசில் அடைந்திருந்த காகங்கள் எழும்பின.

ஆனால் சிரித்தால் மட்டும் போதுமா? நாள் முழுக்க வெயில் எரிகிறது. தகடு நல்ல தகடு. பிறகு ஏன் பெற்றரி பாதியில் நிற்கிறது? இந்த இடத்தில்தான் அபூதாஹிர் தேவைப்படுகிறான்.

அடுத்த நாள் வயர்களைத் திரும்பப் பூட்டி, மத்தியானம் பரீதாவைக் கொட்டிலில் பெட்டிக்கு முன்னால் நிறுத்தினேன். நான் மீற்றரோடு தொட்டியடியில், பெற்றரிக்குப் பக்கத்தில் குந்தினேன்.

"உன்ட பெட்டி என்ன சொல்லுது?" என்று கத்தினேன்.

"பதினாலு தசம் ரெண்டு!"

என் மீற்றர் பதின்மூன்று தசம் ஒன்று என்றது. ஒரே வயர். இரண்டு முனையில் இரண்டு கதை.

"திரும்பச் சொல்லு!"

"பதினாலு தசம் ரெண்டு காக்கா! காது அடைச்சிட்டா?"

எழும்பிப்போய் மணலைக் கிளறினேன். பிளாஸ்டிக் குழாய்க்குள்ளால் கொட்டிலிலிருந்து தொட்டி வரைக்கும் வயர் போகிறது. இழுத்து எடுத்துப் பார்த்தேன். நூல் மாதிரி வயர்.

"மச்சான், இது எங்கத்த வயர்?"

முஹம்மது தம்பி தலையைச் சொறிந்தார். "பள்ளிவாசல் கந்தூரிக்கு ஸ்பீக்கர் கட்டின வயர். மிச்சம் கெடந்திச்சு. பள்ளிக்காரங்கதான் தந்தாங்க. நல்ல வயர் மச்சான், பயான் முழுக்க ஒரு இரைச்சல் இல்லாமக் கேட்டிச்சே."

"பயான் பேச்சுப் போறதுக்கு இந்த வயர் காணும். பெற்றரிக்குச் சோறு போறதுக்குக் காணாது."

அவர்களுக்கு விளங்குகிற மாதிரி சொன்னேன். கலியாணப் பந்தியில் ஆறு பேர் ஒரே பெரிய தட்டான சகனைச் சுற்றி இருந்து சாப்பிடுகிறோம். சோறு கொண்டுவருகிறவன் பந்தியின் இந்த முனையில் இருக்கிற சகனைப் பார்க்கிறான், குவிந்து நிற்கிறது. எல்லாருக்கும் நிறைந்துவிட்டது என்று சட்டியை மூடிவிடுகிறான். அந்த முனையில் இருக்கிறவர்களின் சகனில் இறைச்சிகூட விழவில்லை. பெட்டியும் அப்படித்தான். தன் முனையில் பதினான்கு தசம் இரண்டைக் கண்டதும், பெற்றரி நிறையப் போகிறது என்று நினைத்துக் கையை இறுக்கிவிடுகிறது. மெல்லிய நீள வயரில் வழியிலேயே ஒரு வோல்ற்று தொலைந்துபோனது அதற்குத் தெரியாது. பெற்றரி அந்த முனையில் வாயைத் திறந்துகொண்டு இருக்கிறது.

"நம்பர் பார்க்கிற ஆசையில பெட்டியக் கொட்டிலுக்குக் கொண்டுவந்து, சாமானப் பட்டினி போட்டிருக்கம்" என்றாள் பரீதா.

"நம்பர் பாத்தது நான் மட்டுமா? நீயும்தானே பாத்த" என்றார் மச்சான்.

பட்டறையிலிருந்து வெல்டிங் வயர் கொண்டுவந்தேன். விரல் தடிப்பு. பெட்டியைக் கொட்டிலிலிருந்து கழற்றி, பெற்றரிக்குப் பக்கத்திலேயே, தண்ணீர் தெறிக்காமல் ஒரு பலகைக் கூட்டுக்குள் அடித்தேன். பெட்டிக்கும் பெற்றரிக்கும் நடுவில் இப்போது ஒரு முழ வயர். கொட்டில் கூரையிலிருக்கிற தகட்டிலிருந்து பெட்டி வரைக்குமான நீளப் பாதைக்கும் தடித்த வயர்தான். முனைகளில் பூத்திருந்த உப்பைச் சுரண்டி, கிறீஸ் பூசி, இறுக்கினேன். நான் இறுக்கியதை இன்னொருவன் கழற்றுவதென்றால் அவன் காலையில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வர வேண்டும்.

முஹம்மது தம்பிக்கு முகம் விழுந்துவிட்டது. "அப்ப தேத்தண்ணி குடிக்கக்குள்ள நம்பர் பார்க்க ஏலாதே!"

"தேத்தண்ணியப் பாருங்க. அதுல சீனி இரிக்கா எண்டு பாருங்க" என்றாள் பரீதா.

பெட்டியும் மீற்றரும் இப்போது ஒரே கதை சொன்னன. தங்கத்துரையிடம், இரண்டு மூன்று நாளைக்குச் சிங்கி கொண்டுவர வேண்டாம், பெற்றரி வயிறு நிறையட்டும் என்றோம். "கடலிலேயே இருக்கட்டும் அண்ணை. அங்க அதுகளுக்குக் காற்று மோட்டார் தேவையில்லை" என்றான் அவன்.

ஒவ்வொரு பின்னேரமும் பரீதா பெற்றரியைக் கழற்றி வடியவிட்டு, தொழுதுவிட்டு வந்து அளந்தாள். மீற்றரை என்னிடமிருந்து பறித்து வைத்துக்கொண்டாள். பன்னிரண்டு தசம் நான்கு. பிறகு ஆறு. பிறகு ஒரு மாலை, கடற்கரை முழுவதற்கும் கேட்கும்படி, "ஏழூ!" என்று கத்தினாள். பக்கத்து வாடிக்காரர்கள் குழந்தை பிறந்துவிட்டதென்று நினைத்து எட்டிப் பார்த்தார்கள். யாருக்குப் பிறந்தது என்று ஒருத்தர் கேட்டதும், "பெற்றரிக்கு!" என்றான் தங்கத்துரை.

வியாழன் அவன் சிங்கி கொண்டுவந்தான். நல்ல கனமான உருப்படிகள், மீசை ஒடியாதவை. வெள்ளி விடியலில் அவை உயிரோடு இருந்தன. ஆனால் ஒரு விடியலை நம்பி நிம்மதிப்பட எங்களால் முடியவில்லை. சனிக்கிழமை விடியலில், சுபஹு தொழுத கையோடு நானும் போனேன். தூரத்திலேயே மோட்டார்ச் சத்தம் கேட்டது. பரீதா ஓடினாள். அந்தக் கட்டை உடம்பு அப்படி ஓடும் என்று எனக்குத் தெரியாது.

தொட்டித் தண்ணீர் சோற்றுப்பானை போலக் கொதித்துக்கொண்டிருந்தது. மோட்டார் ஓட ஓடவே பெற்றரியில் மீற்றரை வைத்தாள். பன்னிரண்டு தசம் ஒன்று. முகம் வாடியது.

"பழைய நம்பர்தானே காக்கா இது?"

"அண்டைக்கு அது சும்மா இருந்து காட்டின நம்பர். இண்டைக்கு ராத்திரி முழுக்க வேல செஞ்சு, இன்னும் செஞ்சுகொண்டே காட்டுற நம்பர். சுமை தூக்கிக்கொண்டு நிக்கிற ஆளிட்ட மூச்சு வாங்குதா எண்டு கேக்கிறதா? இறக்கி வைச்சா இன்னும் ஏறும்."

அதற்குள் அவள் கையைத் தண்ணீருக்குள் விட்டிருந்தாள். ஒரு சிங்கி வாலால் அடித்து அவளுடைய முகமெல்லாம் உப்புத் தண்ணீராக்கியது. துடைக்கவில்லை. அதில் எது கடல்தண்ணீர், எது அவளுடையது என்று நான் ஆராயவும் இல்லை.

ஈரச்சாக்கில் சுற்றி, சூடு ஏறாத றெஜிபோம் பெட்டிகளில் அடுக்கி, என் வாகனத்தில் ஏற்றினோம். கிண்ணியாப் பாலம் தாண்டி, நகரம் தாண்டி, நிலாவெளிக்கு நான்தான் ஓட்டினேன். ஒவ்வொரு பள்ளத்துக்கும் பரீதா பின்னால் திரும்பிப் பெட்டிகளோடு கதைத்தாள். இராசையா ஹோட்டல் குசினி வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். முகத்தில் நம்பிக்கையே இல்லை. ஒரு பெட்டியைத் திறந்து குனிந்தார். சாக்குக்குள் இருந்த பெரியது ஒன்று டப்பென்று வாலை உதறியது. அவருடைய வெள்ளைத் தொப்பி விழுந்தது.

"அடி சக்கை! எல்லாம் உயிரோடயா?"

"எண்ணிப் பாருங்க. ஒண்டு செத்திருந்தா என்னைத் தூக்கிச் சட்டியில போடுங்க" என்றாள் பரீதா.

"உங்களைப் போடுற அளவுக்கு இங்க சட்டி இல்லை அக்கா" என்றார் இராசையா. பெட்டி பெட்டியாகத் திறந்து பார்த்தார். ஒன்றும் சாகவில்லை. ஒவ்வொரு கிழமையும் கொண்டுவரச் சொன்னார். நான் பூட்டிய வயரைப் பற்றி அவருக்குக் கொஞ்சம் விளக்கமாகச் சொன்னேன். விருந்துக்கு நேரமாகிறது என்று உள்ளே ஓடிவிட்டார்.

திரும்பும் வழியில் நகரத்தில் ஏஜென்சிக் கந்தோருக்கு முன்னால் நிறுத்தச் சொன்னாள். நானும் உள்ளே போனேன். ஏஜென்சிக்காரர் கதிரை போட்டு, தேத்தண்ணிக்குச் சொல்லி, நல்ல மரியாதையாகத்தான் நடந்தார்.

"ரிக்கெற் வர இரிக்கி. அடுத்த மாசம் போகலாம்" என்றார்.

"என்ட பாஸ்போட்டத் தாங்க."

"ஏன், திகதி ஏதும் பிழையா?"

"இல்ல. நான் போகல்ல."

அவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அவளுடைய பேச்சு அது. நான் நடுவில் வரக்கூடாது. வராமல் இருப்பதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

"அந்த வீட்டுக்காரி உங்கட சமையலுக்காகக் காத்துக்கொண்டிரிக்கா. நான் அவக்கு என்ன சொல்ல?"

"எங்கட ஊருக்கு வரச் சொல்லுங்க" என்றாள் பரீதா. "உயிரோட இரிக்கிற சிங்கி ஆக்கிக் குடுக்கிறன். வாடியில வைச்சு. கொண்டுவந்து வைக்கிறதும் நான்தான், அவக்கு முன்னால இருந்து சேந்து சாப்பிடுறதும் நான்தான்."

ஏஜென்சிக்காரர் சிரித்துவிட்டார். மேசை லாச்சியைத் திறந்து பாஸ்போட்டை எடுத்துக் கொடுத்தார். பரீதா அதை வாங்கிக் கைப்பையின் அடியில் வைத்து, அதன்மேல் சனூஸாவுக்கென்று வழியில் வாங்கிய மஸ்கட் இனிப்புப் பொட்டலத்தை வைத்து மூடினாள்.

"எழும்புங்க காக்கா" என்றாள். "தொட்டித் தண்ணி மாத்த வேணும். தங்கத்துரை பின்னேரம் அடுத்த கூட்டத்தக் கொண்டுவாறான்."